பாட்டு பிறந்த கதை கேட்டு மனசில் முள்ளாய் நின்ற அனுபவம் உண்டா? தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

தொப்பூர்மேடு:

கப்பல் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். சிகாகோ வக்கீல் ஸ்பாஃபோர்டு, 1873, நடுக்கடலில் கப்பல் மோதல், அவருடைய நாலு பெண் குழந்தைகளும் கடலில் போனது, அப்புறம் அவர் எழுதிய பாட்டு. "என் ஆத்துமாவுக்கு எல்லாம் நலமே" என்கிற அர்த்தத்தில் வருமே, அதுதான். நான் கீபோர்டு வாசிக்கப் போன அடக்க ஆராதனைகளில் பாதிக்கு மேல் இந்தக் கதை வந்திருக்கிறது. பாஸ்டர்களுக்கு வசனம் மறந்தாலும் இது மறக்காது.

இரண்டு வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு விபத்து. அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண் பிள்ளைகள் போய்விட்டார்கள். அம்மாவுக்குக் கையில் மாவுக்கட்டு மட்டும். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலை வந்து சேர்ந்தார். பந்தலில் அவர் ஒரு மூலை, அந்த அம்மா ஒரு மூலை.

பாஸ்டர் கப்பல் கதையை எடுத்தார். நல்ல மனுஷன்தான், குரல் உடைந்துதான் சொன்னார். "நாலு பிள்ளையையும் கடல் கொண்டு போச்சு. அந்தத் தகப்பன் முறுமுறுக்கலை. பாடினார்!" என்றார்.

தரையில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா தலையைத் தூக்கினார். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டார்:

"அந்தப் புள்ளைங்களோட அம்மா என்ன பாடுனாங்க ஐயா?"

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் பாட்டை ஆரம்பித்துவிட்டேன். சி மேஜரை அழுத்தி, வால்யூமையும் கொஞ்சம் ஏற்றி. கூட்டம் பாட ஆரம்பித்தது, கேள்வி அடியில் போய்விட்டது. அதைச் செய்தது இந்தக் கைதான்.

இதே மாதிரி ஒரு பாட்டின் கதை உங்களைப் படுத்தியிருந்தால் எழுதுங்கள். எனக்கு மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லுக்குழி:

எனக்கும் உண்டு, ஆனால் இது கொஞ்சம் சிரிப்பு வகை. பாமாலை என்கிற சபைப் பாட்டுப் புத்தகத்தில் "பிளவுண்ட மலையே" இருக்கிறதே, அதன் கதை. டாப்லேடி என்கிற வாலிபப் போதகர் இங்கிலாந்தில் ஒரு மலைக் கணவாயில் போகும்போது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது, பாறைப் பிளவுக்குள் ஒதுங்கினார், அங்கேயே பாட்டு பிறந்தது, எழுதக் காகிதம் இல்லாமல் சீட்டுக்கட்டுச் சீட்டில் எழுதினார், இத்யாதி.

எங்கள் ஊர் பர்கூர் பக்கம். சபையில் முக்கால்வாசிப் பேர் கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவர்கள், பார்க்கிறவர்கள். பிளவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்த பிரசங்க ஊழியர் ஒருவர் இந்தக் கதையை இருபது நிமிஷம் சொன்னார். இடி வந்தது, மின்னல் வந்தது, கையை எல்லாம் ஆட்டினார். முடிந்ததும் முன் வரிசையில் எங்கள் தாத்தா. நாற்பது வருஷம் உளி பிடித்தவர், வலது கையில் இரண்டு விரல் மடங்காது. பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மைக் பக்கத்தில் இருந்துவிட்டது:

"இடி உழறப்ப எவனாச்சும் பாறைச் சந்துல போயி ஒண்டுவானா? உள்ள கட்டுவிரியன் கெடக்கும்யா."

மொத்தச் சபையும் குலுங்கியது. ஊழியர் முகம் சுண்டிவிட்டது.

மனசில் நிற்பது அதற்குப் பிறகு நடந்தது. நாங்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தாத்தா எழுந்து அதே பாட்டைப் பாட ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு, நாலு சரணமும், புத்தகம் இல்லாமல். கதையை நம்பாதவருக்குப் பாட்டு எப்படி இவ்வளவு உள்ளே போனது? கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று தள்ளிப் போட்டேன். போன மாசியில் அவரை அடக்கம் செய்தோம்.

பாட்டுப்பித்து:

தொப்பூர்மேடு, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் கதையைச் சரியாகச் சொல்ல வேண்டாமா? அந்தப் பாட்டு கப்பலிலேயே எழுதப்பட்டது என்று சொல்வார்களே, அதில் சிக்கல் இருக்கிறது. கப்பல் பெயர் வில் து ஆவ்ர். 1873 நவம்பர் 22 விடியற்காலை லாக் எர்ன் என்கிற பாய்மரக் கப்பலோடு மோதி பன்னிரண்டு நிமிஷத்தில் மூழ்கியது. 226 பேர் செத்தார்கள். ஸ்பாஃபோர்டு அந்தக் கப்பலில் இல்லவே இல்லை. வேலை இருந்ததால் குடும்பத்தை முன்னால் அனுப்பிவிட்டு சிகாகோவில் நின்றுவிட்டார். சிலர் அவரும் கூடவே தண்ணீரில் தத்தளித்த மாதிரி சொல்கிறார்களே, அதற்குத்தான் சொல்கிறேன். பிறகு மனைவியைக் கூட்டி வரப் போகும்போது, "இந்த இடத்தில்தான்" என்று கேப்டன் காட்டிய இடத்தில் எழுதினார் என்பது குடும்பத்தில் சொல்லும் கதை. கையெழுத்துப் பிரதியோ ஒரு ஓட்டலின் பெயர் அச்சடித்த தாளில் இருக்கிறது. கடலுக்கு நடுவில் ஓட்டல் தாள் எங்கிருந்து வந்தது?

மெட்டு போட்டது பிலிப் பிளிஸ், 1876-ல். மெட்டுக்கே அந்தக் கப்பலின் பெயரைத்தான் வைத்தார். அதே வருஷம் டிசம்பர் 29, ஒஹையோவில் ஆஷ்டபுலா ரயில் பாலம் இடிந்து அவரும் மனைவியும் செத்துப்போனார்கள். இதை எந்த அடக்க ஆராதனையிலும் சொல்வதில்லை.

கல்லுக்குழி, உங்கள் தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பாறையில் ஒதுங்கிய கதைக்கு டாப்லேடி உயிரோடு இருந்த காலத்துச் சாட்சி எதுவும் கிடையாது, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நிஜக் கதை இதைவிட வேடிக்கை. 1776-ல் அவரே ஆசிரியராக இருந்த பத்திரிகையில் இங்கிலாந்தின் தேசியக் கடனைப் பற்றி எழுதுகிறார். அப்படியே பாவக் கடனுக்குத் தாவுகிறார். விநாடிக்கு ஒரு பாவம் என்று வைத்தால் எண்பது வயதில் ஒருவன் தலையில் 252 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம் பாவம்! இந்தக் கணக்கைப் போட்டு, இதை எவனும் அடைக்க முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் பாட்டை அச்சடிக்கிறார். கந்துவட்டிக்காரன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பாட்டு இருந்த மாதிரி.

கல்லுக்குழி:

சார், எண்பது வருஷத்து விநாடியைப் பெருக்கிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. லீப் வருஷத்தை மட்டும் விட்டுவிட்டார். அந்த இருபது நாள் பாவத்துக்கு யார் பொறுப்பு?

ஓசூர்மிஸ்:

நான் ஞாயிறு பள்ளி எடுப்பவள். எனக்கு நேர்ந்தது "ஒப்பில்லா திரு இரா", ஆங்கிலத்தில் "சைலண்ட் நைட்" என்று வருமே, அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டு. எலி ஆர்கனின் துருத்தியைக் கடித்துவிட்டது, கிறிஸ்துமஸ் ராத்திரிக்கு இசை இல்லை, அவசர அவசரமாகப் பாட்டு எழுதி கிட்டாரில் பாடினார்கள் என்கிற கதையை நாடகமாகப் போட்டோம். எலி வேஷத்துக்கு ஒரு ஏழு வயசுப் பையன். கறுப்பு பெட்ஷீட், வாலுக்கு சைக்கிள் டியூப். பிரமாதமாகக் கடித்தான், கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது.

முடிந்து வேஷம் கலைக்கும்போது கேட்டான்: "மிஸ், நான் கடிச்சது தப்பா, நல்லதா?"

நான் திணறினேன். "நல்லதுக்குத்தாண்டா" என்று சொல்லி வைத்தேன்.

அப்புறம் படித்தால் எலியே கிடையாது! யோசேப்பு மோர் என்கிற பாதிரியார் அந்தக் கவிதையை 1816-லேயே ஆஸ்திரியாவில் மரியாப்ஃபார் என்கிற ஊரில் எழுதி வைத்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஓபர்ன்டார்ஃபில் அதை ஆர்கன் வாசிக்கிற குரூபரிடம் கொடுக்கிறார், அவர் மெட்டு போடுகிறார். கிட்டார் நிஜம். அவசரம் பாதி நிஜம். எலி யாரோ பின்னால் விட்ட எலி. மோர் கைப்பட எழுதிய தாள் 1995-ல்தான் வெளியே வந்தது, அதில்தான் அந்த 1816 இருக்கிறது.

அந்தப் பையன் இப்போது பத்தாவது. எங்கே பார்த்தாலும் "எலி மிஸ்" என்றுதான் கூப்பிடுகிறான். நீ கடிக்கவே இல்லையடா என்று இன்னும் சொல்லவில்லை.

பாட்டுப்பித்து:

சொல்லிவிடுங்கள் மிஸ். பொய்யில் வளர்கிற விசுவாசம் காலேஜ் போனதும் உடையும்.

ஓசூர்மிஸ்:

சார், அவன் விசுவாசம் சைக்கிள் டியூபில் தொங்கவில்லை.

மொரப்பூர் மகன்:

எங்கள் அப்பா பாட்டு எழுதுவார். பெரிய ஆள் எல்லாம் இல்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டர், ராத்திரி ஜெபக்கூட்டத்தில் கஞ்சிரா. டிக்கெட் கட்டு தீர்ந்ததும் பின்னால் மிஞ்சுகிற அட்டை இருக்கிறதே, அதில்தான் எழுதுவார். வீட்டில் ஒரு பிஸ்கட் டின் நிறைய அட்டை.

ஒரு பாட்டு, "வேதனை" என்று பல்லவியிலேயே வரும். ஊர் ஊராகப் பரவிவிட்டது. தொண்ணூறுகளில் ஒரு கேசட்டில் வந்தது, எழுதியவர் பெயர் போட வேண்டிய இடத்தில் வேறு எதுவோ இருந்தது. யார் கேசட் என்று சொல்லப் போவதில்லை, சண்டைக்காக இதை எழுதவில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு கன்வென்ஷன். மேடையில் இருந்தவர் அந்தப் பாட்டைப் பாடுவதற்கு முன் கதை சொன்னார். ஒரு சகோதரன் புற்றுநோயில் படுத்த படுக்கையாக இருந்து, கடைசி ராத்திரி இதை எழுதிவிட்டு விடியும்போது கர்த்தருக்குள் நித்திரை அடைந்தாராம். ஜனம் அழுகிறது. என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து அப்பா கடலை தின்றுகொண்டிருக்கிறார். உயிரோடு.

நிஜம் என்ன தெரியுமா? பல்வலி. எங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஃபுளோரைடு. ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வருகிற வரைக்கும் அதைத்தான் குடித்தோம். அப்பாவுக்குப் பல் எல்லாம் பழுப்பு ஏறி, உடைந்து, கடைவாயில் ஒன்று சீழ் வைத்துவிட்டது. மொரப்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம். கிராம்பு வைத்துப் பார்த்தார், சாராயம் கொப்பளித்துக்கூடப் பார்த்தார் (சபையில் சொல்லாதே என்பார்). தாங்காமல் எழுதினதுதான் அது.

மேடையில் பாடி முடித்தார்கள். அப்பா என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். நான் கொதித்துக்கொண்டிருந்தேன், எழுந்து போய் மைக்கைப் பிடுங்கவும் தயார். அவர் கடலைத்தோலை ஊதிவிட்டுச் சொன்னார்:

"ரெண்டாம் சரணத்துல 'தாங்கும்'னு போட்டிருந்தேன். 'ஏந்தும்'னு பாடுறாங்க. அது நல்லாத்தான்டா இருக்குது."

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அட்டையைத் தேடி எடுத்து, "தாங்கும்" மேல் ஒரு கோடு போட்டு "ஏந்தும்" என்று திருத்திக்கொண்டார். அந்தக் கோடு போட்ட அட்டை இப்போது என் பர்ஸில் இருக்கிறது.

சட்டம்தெரிஞ்சவன்:

மொரப்பூர் தம்பி, நானும் ஒரு கொயரில் பாடினவன், ஒரு தடவை எங்கள் பாட்டையும் சுட்டுவிட்டார்கள், அதை விடு. உனக்குச் சில விஷயம் சொல்கிறேன், கவனமாகப் படி.

முதலில், அப்பா காலமாகியிருந்தாலும் உரிமை போய்விடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு 60 வருஷமும் உரிமை உண்டு. இறந்த வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து எண்ண வேண்டும். அந்த 60 வருஷமும் உரிமை வாரிசுக்கு. பதிவு செய்தால்தான் உரிமை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், தப்பு. எழுதின நிமிஷமே உரிமை வந்துவிடும். பதிவு என்பது கோர்ட்டில் கையில் இருக்கிற ஒரு காகிதம், அவ்வளவுதான். தனக்குத்தானே ரிஜிஸ்டர் தபால் அனுப்பி உடைக்காமல் வைத்தால் போதும் என்று ஒரு கூட்டம் சொல்லும், அதை நம்பி ஏமாறாதே.

இரண்டாவது, பெயர் போடும் உரிமை தனி. 57-ஆம் பிரிவு. பாட்டை விற்றுவிட்டாலும்கூட "இது நான் எழுதியது" என்று சொல்லும் உரிமையை விற்றதாக ஆகாது. வார்த்தையை மாற்றி எழுதியவருக்குக் கெட்ட பெயர் வருகிற மாதிரி சிதைத்தாலும் கேட்கலாம். இந்த "ஏந்தும்" கேஸ் நிற்காது, அப்பாவே ஒத்துக்கொண்டுவிட்டார் பார்.

மூன்றாவது, சபையில் ஆராதனையில் பாடினால் அது திருட்டு இல்லை. மதச் சடங்கில் பாடுவதற்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. கேசட் போட்டு விற்றது, யூடியூபில் ஏற்றிக் காசு பார்ப்பது, அது வேறு கணக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு சினிமாப் பாட்டு எழுதுகிறவர்களுக்கே ராயல்டி பங்கு உறுதியாகியிருக்கிறது, நம் ஆட்கள்தான் "ஊழியம்" என்று சொல்லியே ஓட்டுகிறார்கள்.

நீ செய்ய வேண்டியது: அட்டை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் போட்டோ எடு. கூடப் பாடினவர்களில் உயிரோடு இருக்கிற இரண்டு பேரிடம் எழுதி வாங்கு. பர்ஸில் வைக்காதே, வேர்வையில் மை கரையும். லேமினேஷன் செய்யவே செய்யாதே, சூட்டில் மை போய்விடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு டின்னிலேயே வை, ஒரு அரிசி மூட்டை கட்டிப் போடு, ஈரம் இழுக்கும்.

மொரப்பூர் மகன்:

அண்ணா, நன்றி. ஆனால் நான் எதுவும் கேட்கவில்லையே. அப்பா இருக்கிறார். பக்கத்து ரூமில் தூங்குகிறார்.

சட்டம்தெரிஞ்சவன்:

அப்படியா, சந்தோஷம். அப்போ 60 வருஷக் கணக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, இன்னும் நல்லது. அரிசி மூட்டை மட்டும் மறக்காதே.

பெயர் வேண்டாம்:

என் வீட்டுக்காரர் குடிப்பார். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு ஜெபக்கூட்டத்தில் ஜான் நியூட்டன் கதை சொன்னார்கள். அடிமை வியாபாரக் கப்பல்காரர், 1748-ல் புயலில் மாட்டினார், கர்த்தாவே என்று கத்தினார், அன்றைக்கே மனம் திரும்பினார், "அமேசிங் கிரேஸ்" எழுதினார். இவர் அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கே நிறுத்தினார். பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் விழுந்துவிட்டார். அவர் குடித்ததைவிட, அடுத்த நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, "நியூட்டனுக்கு ஒரே ராத்திரியில ஆச்சு. எனக்கு ஆகலைன்னா நான் தள்ளப்பட்டவன்தானே" என்று கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் ஒரு டீச்சர். தேடிப் படித்தேன். அந்தப் புயலுக்குப் பிறகும் நியூட்டன் அடிமைக் கப்பலுக்கே கேப்டனாகப் போயிருக்கிறார்! 1754 வரைக்கும். கடல் வேலையை விட்டதுகூட உடம்பு முடியாமல்தான். பாட்டு 1773 புது வருஷ ஆராதனைக்கு எழுதியது. அடிமை வியாபாரம் தப்பு என்று வெளிப்படையாகப் புத்தகம் போட்டது 1788. நாற்பது வருஷம்.

ஓடி வந்து இவரிடம் சொன்னேன். "ஒரே ராத்திரி இல்லைங்க, நாற்பது வருஷம்." கேட்டுவிட்டு அழுதார், என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முகத்தை மறக்க முடியாது.

இப்போது டாஸ்மாக்கிலிருந்து வரும்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நாப்பது வருசம் டீச்சரம்மா, இன்னும் முப்பத்தாறு இருக்குது" என்கிறார்.

பொய்க் கதை அவரைக் கொன்றது. மெய்க் கதையை இப்படிப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னது சரியா தப்பா என்று யாராவது சொல்லுங்கள்.

பாட்டுப்பித்து:

சகோதரி, உண்மையைச் சொன்னது தப்பே இல்லை. அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது

பெயர் வேண்டாம்:

சார், உங்களிடம் கேட்கவில்லை. மன்னிக்கவும். குடிக்கிறவர் இருக்கிற வீட்டுக்காரர்கள் யாராவது சொல்லட்டும்.

கல்லுக்குழி:

அக்கா, எங்கள் வீட்டிலும் இருந்தது. அப்பா. பதினெட்டு நாள் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், எங்கள் அம்மாவும் அப்படித்தான் காலண்டரில் புள்ளி வைப்பார். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

பென்னாகரம் ஜவான்:

நான் கிறிஸ்தவன் இல்லை. எங்களுக்குக் குலதெய்வம் முனியப்பன். இந்தத் தலைப்பில் எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பட்டாளத்தில் இருந்தபோது இரண்டு வருஷம் டெல்லியில். ஜனவரி 29 விஜய் சௌக்கில் பீட்டிங் ரிட்ரீட், அதாவது குடியரசு தினக் கொண்டாட்டத்தை முடித்து வைக்கிற ராணுவ பேண்டு நிகழ்ச்சி. நான் பேண்டில் இல்லை, பாதுகாப்பு டியூட்டி. பொழுது சாய்கிற நேரம், பல் கிட்டும் குளிர். கடைசியில் ஒரு மெட்டு வாசிப்பார்கள். எல்லா வாத்தியமும் அடங்கி, தூரத்திலிருந்து மணிச் சத்தம் மட்டும் பதில் சொல்கிற மாதிரி வரும். அப்போது யாரும் இருமக்கூட மாட்டார்கள். எனக்கு அது செத்த சிப்பாய்களுக்கான மெட்டு, அவ்வளவுதான் தெரியும். காந்திக்குப் பிடித்தது என்று ஹவில்தார் சொன்னார்.

ரிடையர் ஆகி ஊருக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டு வாத்தியார் தவறிவிட்டார். அவர்கள் கிறிஸ்தவர்கள். அடக்கத்துக்குப் போனேன். மண் போடும்போது ஐந்தாறு கிழவிகள் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள், சுதியும் இல்லை ஒன்றும் இல்லை. "என்னோடிரும்" என்று தமிழில். இரண்டாம் அடி வரும்போதுதான் எனக்கு உறைத்தது, விஜய் சௌக் மெட்டு! கால் தானாகச் சேர்ந்துவிட்டது. லுங்கி கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, அட்டென்ஷனில் நிற்கிறேன். சுற்றி எல்லோரும் பார்க்கிறார்கள். பாட்டு முடிகிற வரை என்னால் காலைப் பிரிக்க முடியவில்லை.

வாத்தியார் மகன்தான் பிறகு கதை சொன்னான். ஹென்றி லைட் என்கிற போதகர், இங்கிலாந்தில் பிரிக்ஸ்ஹாம் என்கிற மீன்பிடி ஊர், காசநோய். 1847-ல் எழுதினார், அதே வருஷம் நவம்பரில், இப்போது பிரான்ஸில் இருக்கிற நீஸ் நகரத்தில் செத்தார். இந்த மெட்டு அவர் செத்து பதினாலு வருஷம் கழித்து வில்லியம் மாங்க் போட்டது. இந்த மெட்டில் அவர் தன் பாட்டைக் கேட்கவே இல்லை.

2022-லிருந்து டெல்லியில் அதை வாசிப்பதில்லை, எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி இங்கே விவாதம் வேண்டாம். வாத்தியார் இருபது வருஷம் என் பக்கத்து வீட்டுக்காரர். தினம் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் அதே மெட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் கீரைக்குத் தண்ணீர் விடுவாராம். லீவில் வந்த நாளில் எல்லாம் நான் இந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறேன். ஒரு நாளும் காதில் விழவில்லை.

ஓசூர்மிஸ்:

ஜவான் சார், இதைப் படித்துவிட்டு எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றுவிட்டு வந்தேன்.

தொப்பூர்மேடு, நீங்கள் ஆரம்பித்துவிட்டு எங்கே போனீர்கள்? அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்?

தொப்பூர்மேடு:

எல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பாட்டுப்பித்து சாருக்கு: ஓட்டல் தாள் விஷயம் எனக்கும் தெரியும். நான் தேடினது வேறு. அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளின் அம்மாவைப் பற்றித் தேடினேன்.

பெயர் அன்னா. மயங்கி ஒரு பலகையில் மிதந்தவரைத்தான் லாக் எர்ன் படகுக்காரர்கள் தூக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு 11, 9, 5, 2 வயசு. வேல்ஸில் கார்டிஃப் கரையில் இறங்கி வீட்டுக்காரருக்குத் தந்தி அடிக்கிறார். "நான் மட்டும் பிழைத்தேன்." பிரசங்கத்தில் எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தத் தந்தியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அதில் அடுத்த வார்த்தையும் இருக்கிறது: "என்ன செய்யட்டும்."

அந்த அம்மா தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ கட்டி விற்கிறார். மாவுக்கட்டு போட்ட கை இன்னும் சரியாக நீளாது, அந்தக் கையில் நாரைப் பிடித்துக்கொண்டு மற்ற கையால் முடிச்சுப் போடுவார். இரண்டு வருஷம் அந்த வழியைத் தவிர்த்து சேலம் ரோடு சுற்றிப் போனேன். இந்தத் திரியை ஆரம்பித்துவிட்டு, நேற்று போனேன்.

இரண்டு முழம் மல்லி கேட்டேன். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "பொட்டி வாசிக்கிற தம்பிதானே" என்றார். சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குப் பதில், அக்கா. அவங்க பாடலை. தந்தி அடிச்சாங்க. இன்னதுதான் அடிச்சாங்க.

கை நிற்கவில்லை, கட்டிக்கொண்டே கேட்டார். கடைசி வார்த்தைக்கு மட்டும் நின்றது.

"என்ன செய்யட்டும்னா கேட்டாங்க?"

"ஆமாக்கா."

"அதுக்கு அவரு என்னா பண்ணாரு?"

"கப்பல் ஏறிப் போனாருக்கா. அவங்க இருந்த எடத்துக்கு."

அவர் வீட்டுக்காரர் மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு பெங்களூருக்குப் பஸ் ஏறியவர். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்கிற கிழவிக்கும் தெரியும்.

"போனாரா," என்றார். "சரி."

முழத்தை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நீட்டி அளந்தார். இரண்டு அளந்து, கத்தரிக்கோலை எடுத்தவர் வைத்துவிட்டு, இன்னும் அரை முழம் சேர்த்து வெட்டினார். அதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.